மீன் குழம்பையும் எழுதிப் போட்ட கவுன்சிலர்

தம்புசாமிக்கு அந்தத் தீபாவளிக்கு வந்த ஹேம்பர் பரிசுக் கூடைகள் வரவேற்பறையில் இடம் போதாமல் அடுப்படி வரை நின்றன. ஆண்டு 1987. நகராண்மைக் கழக உறுப்பினராக அவரை நியமித்துச் சில மாதங்களே ஆகியிருந்தன. அதற்கு முன்பு கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்டியவர். அந்தக் காலத்தில் ஒரு பிஸ்கட் டின்கூட யாரும் கொண்டுவந்து கொடுத்ததில்லை.

"போன தீபாவளிக்கும் இதே வீட்டுலதான இருந்தேன்? ஒருத்தனுக்கும் வழி தெரியலயே," என்றார், கூட லோரி ஓட்டிய விஜயனிடம்.

"வழி தெரிஞ்சிருச்சில்ல, பேசாம தின்னு லா."

தம்புசாமி தின்னவில்லை. பள்ளிக்கூடம் ஒன்று கழித்துக் கட்டிய கரும்பலகையை வாங்கிவந்து, மேருவில் மக்களைச் சந்திக்கும் தம் கடையறையின் வெளிச்சுவரில் மாட்டினார். யார் என்ன கொடுத்தார்கள், அது எங்கே போனது என்று சாக்குக்கட்டியால் எழுதினார். இப்படிச் செய்யச் சொல்லி யாரும் அவரைக் கேட்கவில்லை. ஹேம்பர்கள் முதியோர் இல்லத்துக்குப் போயின. ஆரஞ்சுப் பெட்டி பாலர் பள்ளிக்குப் போனது. கட்டட முதலாளி வாங்கிக் கொடுத்த மீ கோரேங்கைத் திருப்பிக் கொடுக்க வழியில்லாததால், 'சாப்பிட்டுவிட்டேன்' என்று எழுதினார்.

காலையில் வேலைக்குப் போகிறவர்கள் பேருந்துக்கு நிற்கும்போது அதைப் படித்தார்கள்.

"பாத்தியா, நேத்து நம்ம கவுன்சிலருக்கு தே தாரிக் ரெண்டு."

"பாவம்யா, சர்க்கரை வியாதிக்காரரு. அதையும் ஒரு ஓரத்துல எழுதச் சொல்லு."

சிரித்தார்கள், ஆனால் நம்பினார்கள். தம்புசாமிக்கு அது போதுமாயிருந்தது. அடுத்த ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்.

மேரு பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பிறந்தவர் அவர். சிறுவனாக இருக்கும்போதே அம்மா போய்விட்டார். அக்கா பவுனம்மாள், பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு பால்மரம் சீவப் போய், திரும்பி வந்து உலை வைத்துத் தம்பியை வளர்த்தார். பிறகு தம்புசாமிக்குக் கல்யாணம் ஆனது. பிள்ளை இல்லை. மனைவியும் காய்ச்சலில் போனார். அதன் பிறகு ஞாயிறு தவறாமல் அக்காள் வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் தூக்குச்சட்டி வரும். மாங்காய் போட்ட மீன் குழம்பு. அவர் சாப்பிட்டு, கழுவி, அடித்தட்டில் ஒரு கை சீனி போட்டுத் திருப்பி அனுப்புவார். சாப்பாடு வந்த பாத்திரத்தை வெறுமையாக அனுப்புவது அந்தக் குடும்பத்தில் இல்லை.

அக்காள் கணவர் ஜெயராஜ் கால்வாய் வெட்டும் குத்தகைக்காரர். அந்த ஆண்டு மேருவில் லோங்காங் எனப்படும் பெரிய சாக்கடைக் கால்வாய் ஒன்றைக் கட்டும் வேலைக்கு விலை போட்டிருந்தார். விஷயம் நகராண்மைக் கழகக் கூட்டத்துக்கு வந்தபோது தம்புசாமி எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார். அத்தோடு விட்டிருக்கலாம். ஞாயிறு வந்த தூக்குச்சட்டியைப் பார்த்ததும் சாக்குக்கட்டியை எடுத்தார்.

'ஜெயராஜ், குத்தகையாளர். மீன் குழம்பு, சோறு. சாப்பிட்டுவிட்டேன்.'

சீனி டின்னைத் திறந்தார், மூடினார். கவுன்சிலர் வீட்டிலிருந்து குத்தகைக்காரர் வீட்டுக்கு எதுவும் போகக் கூடாது என்று நினைத்தார். தூக்குச்சட்டி பளபளவென்று கழுவி, வெறுமையாகப் போனது.

அடுத்த ஞாயிறு ஒன்றும் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

ஜெயராஜைக் காப்பிக் கடையில் பிடித்துக்கொண்டார்கள். "பாஸ், ஒரு சட்டிக் குழம்புக்கு எத்தன அடி லோங்காங்?" வேலை கடைசியில் வேறொருவருக்குப் போனது. அதற்கும் சிரித்தார்கள். "அடுத்த தடவ கோழி அனுப்பிப் பாருங்க."

தம்புசாமி அவரைத் தேடிப் போனார்.

"அந்த ஒரு வரிய எழுதாம விட்டிருந்தா என்னடா?" என்றார் ஜெயராஜ்.

"விட்டா மத்த வரிய யாரு மாமா நம்புவா?"

"சரி, அது கெடக்கட்டும். போர்ட பத்தி உங்கக்கா ஒண்ணும் சொல்லல. வெறும் சட்டி வந்துச்சு பாரு, அத மடியில வச்சுக்கிட்டுதான் அழுதா."

அக்காவைப் போய்ப் பார்க்கத் தம்புசாமிக்குக் கால் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வாழையிலைக் கடையில் காசு கொடுத்துச் சாப்பிட்டார். மீன் குழம்பு இருக்கிறதா என்று கேட்பார். கொண்டுவந்து ஊற்றினால் பாதியில் எழுந்துவிடுவார். கேட்டுக்கு வெளியே மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வருவார். தபால்காரராக இருக்கும், அல்லது பக்கத்து வீட்டுக்காரராக இருக்கும். கூட்டம் முடிந்து வரும்போது வண்டி தானாக அக்காள் வீட்டுத் தெருவில் திரும்பும். தாளிக்கிற வாசம் வரும் தூரத்தில் வேகத்தைக் குறைப்பார், நிறுத்தமாட்டார். மழைக்கு முன்னால் துணி எடுத்துக்கொண்டிருந்த அக்கா ஒரு நாள் திரும்பிப் பார்த்தது போலிருந்தது.

ஒரு புதன்கிழமை, புகார் சொல்ல வந்தவர்களுக்கு நடுவே பவுனம்மாள் உட்கார்ந்திருந்தார். முறை வந்ததும் எதிரே வந்து அமர்ந்தார்.

"எங்க தெருவுல வெளக்கு எரியல."

"எழுதிக்கிறேன்கா."

"எழுது. எழுதுறதுதான் ஒனக்கு நல்லா வருமே."

பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். தம்புசாமி பேனாவைக் கீழே வைத்தார்.

"சீனி போட்டா தப்பாயிடும்னு நெனச்சேன்கா. வேற ஒண்ணுமில்ல."

"இனிமே அனுப்பாதன்னு நீ சொல்றதா நான் நெனச்சேன். வாயத் தொறந்து சொல்றதுக்கு என்னடா?" கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அனுப்புனது நானு. போர்டுல உங்க மாமா பேரு. பெத்தவ மாதிரி வளத்தவளுக்கு ஒரு வரி கெடையாதா?"

தம்புசாமி மறுபடி பேனாவை எடுக்க, அக்கா கையால் தடுத்தார்.

"நான் இனி ஒண்ணும் அனுப்பமாட்டேன். நீ நாற்காலிய விட்டு எறங்குற வரைக்கும் அனுப்பமாட்டேன். ஆனா ஞாயித்துக்கெழம ஒன் வீட்டுக்கு வரேன். நீ ஆக்கிப் போடு. அத எழுது. எம் பேரப் போட்டு எழுது."

அந்த ஞாயிறு தம்புசாமி விடியற்காலையிலேயே பாசாருக்குப் போய் மீன் வாங்கினார். பவுனம்மாள் வந்து அடுப்படியில் ஒரு நாற்காலியைப் போட்டு, கைகளை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"வெந்தயத்தக் கருக்குற. எறக்கு, எறக்கு."

"நீயே ஒரு தடவ கிண்டி விடுக்கா."

"நான் கரண்டியத் தொட்டா அதுவும் போர்டுக்குப் போகும். நீயே கிண்டு. புளி பத்தல. இன்னும் ஊத்து."

மாங்காய் குழைந்துவிட்டது. மீன் உடைந்துவிட்டது. இலையில் போட்டதை அக்கா வாயில் வைத்துப் பார்த்தார்.

"உப்பு ஜாஸ்தி," என்றார். பிறகு இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார்.

தம்புசாமி எதிரே உட்கார்ந்து தன் குழம்பைத் தின்றார். அக்கா சொன்னதையெல்லாம் சொன்னபடிதான் செய்திருந்தார். ஆனாலும் அது வேறு குழம்பாக இருந்தது. அக்காவின் விரல்கள் சோற்றைப் பிசைவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பதவிக் காலம் முடிய இன்னும் இரண்டு தீபாவளிகள் இருந்தன.