பாகூர்ப் பக்கம்: சுழல்காற்று சாய்த்த கோயில்காடும் ஒரு சிவப்பு அரளியும்

பாகூர் ஏரியைப் பார்க்க வேண்டும் என்று மூன்று வருடமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். போன மே மாதம் ஒருவழியாகப் புதுச்சேரியில் அறை போட்டேன். கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது, பாகூருக்கு மேற்கே சுழல்காற்று அடித்து மரங்கள் சாய்ந்துவிட்டதாகத் தெரிந்தவர்கள் சொன்னார்கள். "அழிஞ்சு கிடக்கிற ஊரை வேடிக்கை பார்க்கப் போறியா?" என்று வீட்டில் கேட்டார்கள். ஏரிக்குத்தான் போகிறேன் என்றேன். அது பாதிதான் உண்மை.

புதுச்சேரி பேருந்து நிலையம் அருகே ஸ்கூட்டர் வாடகைக்குக் கிடைக்கிறது. நாளுக்கு நானூறு ரூபாய், பெட்ரோல் நம் பாடு. காலை ஆறு மணிக்குக் கிளம்பி, கடலூர் சாலையில் போய், கிருமாம்பாக்கத்தில் திரும்பினால் பாகூர். ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். ஏரியில் நடுவில் மட்டும் கொஞ்சம் தண்ணீர், கரையோரம் நாலைந்து கொக்குகள். கோடையில் ஏரி பார்க்க வந்த என் புத்தியைத்தான் சொல்ல வேண்டும். அரை மணி நேரத்தில் முடித்துக்கொண்டு மடுகரைப் பக்கம் வண்டியைத் திருப்பினேன்.

சில கிலோமீட்டர் வரை எதுவும் தெரியவில்லை. வயல், கரும்பு, மோட்டார் கொட்டகை என எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. ஒரு வளைவு தாண்டியதும் சவுக்குத் தோப்பு ஒன்று ஆள் உயரத்துக்கு மேலே இல்லவே இல்லை. மரங்கள் வேரோடு சாயவில்லை; பிழிந்த துணி மாதிரி முறுக்கி ஒடிக்கப்பட்டிருந்தன. பக்கத்துத் தோப்பில் ஒரு மரம்கூடச் சாயவில்லை. ஒரு வீட்டின் கூரை மொத்தமும் காணோம். அடுத்த வீட்டுக் கொடியில் போர்வை காய்ந்துகொண்டிருந்தது. புயல் என்றால் ஊரில் எல்லாருக்கும் ஒரே கணக்கு. இது ஆள் பார்த்து அடித்தது போல இருந்தது, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"லாரி ரிவர்ஸ் வர்ற மாதிரி சத்தம் மேடம்," என்றார் டீக்கடைக்காரர். "இன்னான்னு எட்டிப் பாக்கறதுக்குள்ள தகரம் பறக்குது. நல்லவேளை, உசுருக்கு ஒண்ணும் ஆவல." டீ பத்து ரூபாய். மேலே போக முடியாது, கோயில்காட்டு மரம் வண்டிப்பாதையில் கிடக்கிறது, ஊரே அங்கேதான் நிற்கிறது என்றும் சொன்னார். சும்மா இருக்க முடியுமா? நானும் போனேன். (ஊர்ப் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், போடவில்லை.)

அய்யனார் கோயிலைச் சுற்றி ஒரு சின்னக் காடு. அதிலிருந்த பெரிய இலுப்பை மரம் பாதையின் குறுக்கே விழுந்திருந்தது. மரத்துக்கு இந்தப் பக்கம் நெல் அறுக்கும் மெஷின் ஒன்று நின்றது. அந்தப் பக்கம் மல்லிகா என்பவரின் ஒன்றரைக் காணி நெல், முற்றிய கதிரோடு, காற்றோடு கொட்டிய மழைத் தண்ணீரில் படுத்துக் கிடந்தது. இன்னும் இரண்டு நாள் போனால் முளைத்துவிடும். மெஷின்காரர் ஆத்தூரிலிருந்து வந்தவர். மத்தியானம் வரைதான் நிற்பேன், அடுத்த ஊரில் ஆள் காத்திருக்கிறது என்று கறாராகச் சொல்லிவிட்டார். கையால் அறுக்க ஆள் இல்லை. அறுப்புக்குப் போகிறவர்கள் எல்லாரும் அவரவர் கூரையைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

மரத்தை அறுத்துத் தள்ளினால் போயிற்று என்றுதான் நீங்களும் நினைப்பீர்கள். அந்தக் காட்டில் சுள்ளி கூடப் பொறுக்க மாட்டார்களாம். விழுந்த மரம் விழுந்த இடத்திலேயே மக்கும். "சாமி மரத்துல கத்தி படக்கூடாது. சொல்லிட்டேன்," என்று நின்றார் இராமலிங்கம். பாதையை ஒட்டியிருந்த கரும்புத் தோட்டம் அவருடையது. மல்லிகாவுக்கு மாமா முறை. வரப்புத் தகராறு ஒன்றில் இரண்டு வீட்டுக்கும் பல வருடமாகப் பேச்சு இல்லை என்று பூசாரி என் காதில் போட்டார்.

கடைசியில் பூக் கேட்பது என்று முடிவானது. ஒரே மாதிரி மடித்த இரண்டு இலைப் பொட்டலங்கள். ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு அரளி. சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் வெட்டலாம், சிவப்பு வந்தால் கூடாது. வழக்கமாகச் சின்னப் பிள்ளைகள்தான் எடுப்பார்களாம். அன்று எந்தப் பிள்ளையைக் கூப்பிட்டாலும், அது அந்த வூட்டுப் பிள்ளை, இது இந்த வூட்டுப் பிள்ளை என்று சண்டை வந்தது.

"தோ, அந்த மேடம் கீறாங்களே," என்றார் பூசாரி. "அவங்களுக்கு யாரும் சொந்தமில்ல."

எனக்குச் சாமி நம்பிக்கை பெரிதாகக் கிடையாது. ஆனாலும் குனிந்தபோது, வெள்ளை வா, வெள்ளை வா என்று மனசுக்குள் கெஞ்சினேன். பொட்டலத்தைப் பிரித்தேன். சிவப்பு அரளி.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏரி பார்க்க வந்தவள் ஒரு குடும்பத்தின் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டேனே என்று இருந்தது. மெஷின்காரர் வண்டியை ஸ்டார்ட் செய்தார். கிளம்பத்தான்.

மல்லிகா சாமியைக் கும்பிட்டுவிட்டு, நேராக இராமலிங்கத்தின் முன் போய் நின்றார்.

"மாமா, மரத்தத் தொடக்கூடாதுன்னு நீதான சொன்ன. தொடல. உன் கரும்புல வழி வுடு."

"இன்னாடி பேசற? இப்பதான் மண்ணு அணைச்சி வுட்டிருக்கேன். அத்தினியும் நாசமாப் பூடும்."

"என் நெல்லு நாசமாப் போவுதே, அது?"

அவர் பூசாரியைப் பார்த்தார், ஏதாவது சொல்லிக் காப்பாற்றுவார் என்று. பூசாரி நிதானமாக, "மரத்துக்குத்தான்பா உத்தரவு இல்ல. கரும்பப் பத்தி நாம கேக்கவே இல்லியே," என்றார். யாரோ சிரித்தார்கள். இராமலிங்கம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று நடந்துவிட்டார். அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

திரும்பி வந்தபோது கையில் வெட்டுக்கத்தி. "மெஷின் ஏறி நசுக்கறத என்னால பாக்க முடியாது. நானே வெட்டிடறேன்," என்று தன் தோட்டத்தில் இறங்கி முதல் தூரை வெட்டினார். மல்லிகாவும் ஒரு கத்தி வாங்கிக்கொண்டு இறங்கினார். வெட்டியதை நாங்கள் வாரி வரப்பில் போட்டோம். மெஷின்காரரும் இஞ்சினை அணைத்துவிட்டு வந்து வாரினார். மத்தியானம் தாண்டித்தான் மெஷின் நெல்லுக்குள் இறங்கியது. சேற்றில் உதிர்ந்தது போகப் பாதிக்குக் கொஞ்சம் மேல் தேறியது. இலுப்பை மட்டும் பாதையில் அப்படியே கிடந்தது.

இந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு: ஏரிக்கென்றால் மழைக்காலம் முடிந்து போங்கள். புதுச்சேரியிலிருந்து பாகூருக்கு டவுன் பஸ் உண்டு. உள் கிராமங்களுக்குச் சொந்த வண்டி நல்லது. காற்றடித்த இடத்தைப் பார்க்கப் போனால், அறுந்த கம்பி எதையும் தாண்டாதீர்கள். கூரை போன வீட்டைப் படம் எடுப்பதற்கு முன் வாய் திறந்து கேளுங்கள். சாப்பாட்டுக்கு ஊர்க்காரர்களை நம்பிப் போகாதீர்கள், கொடுத்தால் மறுக்காதீர்கள்.

எனக்குக் கொடுத்தார்கள். மல்லிகா வீட்டில் சோறும் கருவாட்டுக் குழம்பும். இராமலிங்கமும் வந்து, யார் முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். கை கழுவும்போது மல்லிகாவிடம் மன்னிப்புக் கேட்டேன். என் கை ராசியில்லாத கை என்றேன்.

"அடப் போங்க மேடம்," என்றார். "வெள்ள வந்திருந்தா மரத்த அறுத்துட்டு அவங்கவங்க வூட்டப் பாத்துப் போயிருப்போம். அந்த மனுசன் என் வூட்டுல சோறு தின்னு எத்தினி வருசம் ஆச்சு தெரியுமா?"

கை துடைக்கத் துண்டை நீட்டிக்கொண்டே சொன்னார்:

"அதுக்குன்னு அடுத்த வாட்டியும் சிவப்ப எடுத்துடாதீங்க. அவருகிட்ட வெட்டறதுக்கு இனி கரும்பு கம்மியாத்தான் கீது."