மாமிக்குப் பின்னால் நின்றவர்கள்

அன்று எங்கள் வேதக்கோயிலில் நடந்ததை எல்லோரும் தெரிவு என்கிறார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். நாற்பது வருடம் நெருங்குகிறது. கூட்டத்தில் எழுந்து நின்று பேசும் துணிச்சல் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

திருகோணமலைத் துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கப்பல்கள் எங்கள் கரையிலிருந்து தெரியும். ஊரில் அரைவாசி ஆண்கள் ஒரே சம்மாட்டியின் கரைவலையில் இழுத்தார்கள். வலையும் தோணியும் அவருடையவை. நாளைக்கு யார் கயிற்றைத் தொடலாம், யார் தொடக்கூடாது என்பதும் அவர் சொல்வதுதான். அப்பாவும் அந்த வலையில்தான் இழுத்தார். அப்பாவின் அக்கா, அதாவது என் மாமி, அதே கரையில் மீன் வெட்டிக் கருவாடு போட்டார். கலியாணம் செய்யாதவர். எங்களோடுதான் இருந்தார்.

மாமிக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் ஞானோபதேசக் கேள்வி பதில் முழுவதும் மனப்பாடம். பூசையிலும் பிரசங்கத்திலும் காதால் கேட்டே பிடித்தது. எங்கேயாவது சந்தேகம் வந்தால் என்னைக் குசினிக்குள் அடுப்படிக்குக் கூப்பிட்டுப் புத்தகத்தை வாசிக்கச் சொல்வார். நான் ஒரு சொல்லை விழுங்கினாலும் கண்டுபிடித்துவிடுவார்.

கரைவலை இழுத்து முடிக்க இரண்டு மூன்று மணித்தியாலம் ஆகும். கயிற்றைப் பிடித்தபடி பின்பக்கமாக நடக்கும் அந்த நேரமெல்லாம் முன்பு ஆண்கள் பாடியது பெண்கள் காதில் விழக்கூடாத பாட்டுகள். மாமி அந்த மெட்டை மட்டும் வைத்துக்கொண்டு சொல்லை மாற்றினார். ஒரு கட்டளைக்கு மூன்று இழுவை. தூரத்தில் இருக்கும் இரண்டு கயிறும் கரையில் நெருங்கி வரும்போது ஒரு பக்கத்தார் கேள்வி கேட்பார்கள், மற்றப் பக்கத்தார் பதில் சொல்வார்கள். மீன் நிறைந்த வலைமடி கரையில் ஏறும்போது ஞானஸ்நானம் தொடங்கி ஏழு திருவருட்சாதனங்களும் முடிந்திருக்கும். புதுநன்மை வாங்காமலே நரைத்துப்போனவர்கள், எங்கள் ஊரில் பெண் எடுக்க வந்து ஞானஸ்நானம் பெறக் காத்திருந்தவர்கள் எல்லோரும் அந்தக் கயிற்றில்தான் படித்தார்கள். இதற்காக மாமி யாரிடமும் எதுவும் கேட்டதில்லை.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது மேலிடத்திலிருந்து எங்கள் பங்குச் சுவாமிக்கு ஒரு கடிதம் வந்தது. ஒவ்வொரு பங்கும் வளர்ந்தோர் மறைக்கல்விக்கு ஒரு தலைவரைத் தெரிவு செய்யவேண்டும், இனிமேல் அவர் மட்டுமே படிப்பிக்கலாம். சுவாமி இதைப் பூசையில் வாசித்தார். மாமி அன்றே பெயர் கொடுத்தார். சம்மாட்டியின் தமையன், ஓய்வு பெற்ற மாஸ்டர், அவரும் கொடுத்தார். மாஸ்டர் கோயில் மண்டபத்தில் ஞாயிறு பின்னேரங்களில் ஏற்கனவே ஒரு வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். கதிரையில் இருந்து குறிப்புச் சொல்வார். எழுதத் தெரிந்தவர்கள் எழுதினார்கள். தெரியாதவர்கள் கொப்பியில் தோணி கீறினார்கள்.

தெரிவு நாளில், பூசை முடிந்ததும் சுவாமி இரண்டு பேரிடமும் படித்தவர்களைச் சோதித்தார். மாமியிடம் கயிற்றில் படித்த மரியான் அண்ணையை எழுப்பி, ஏழு திருவருட்சாதனங்களையும் சொல்லச் சொன்னார். மரியான் அண்ணை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒன்றும் வரவில்லை. காது சிவந்துபோனது.

"சும்மா நிண்டா வராது சுவாமி. இழுத்தாத்தான் வரும்."

"அப்ப இழுமன்."

மரியான் அண்ணை இல்லாத கயிற்றைப் பிடித்து இழுத்தார். முதலாவது வந்தது. அவருக்குப் பின்னால் இருந்தவர்களும் எழுந்து இழுத்தார்கள். தாங்கள் இருந்த வாங்குகளை இடித்துக்கொண்டு எல்லோரும் பின்பக்கமாக நடந்தார்கள். வாசல் சுவரில் முதுகு முட்டியபோது ஏழும் முடிந்திருந்தது, ஒரு பிழையும் இல்லை. சுவாமி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். பிறகு மாஸ்டரிடம் படித்த ஒருவரை எழுப்பினார். அவர் கொப்பியைத் திறந்துவிட்டு, "எத்தினையாம் பக்கம் மாஸ்டர்?" என்று கேட்டார்.

இதற்குப் பிறகு என்ன தெரிவு வேண்டிக் கிடந்தது? யார் படிப்பித்தவர் என்று சுவாமியின் கண்ணே கண்டது. ஆனாலும் அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கடிதத்தை எடுத்தார். தலைவர் மாதாமாதம் அறிக்கை எழுதி அனுப்பவேண்டும் என்றார். மாமியால் அது ஏலுமா என்று எல்லோருக்கும் முன்னால் கேட்டார்.

"எழுத ஏலாது சுவாமி. படிப்பிக்க ஏலும். உங்களுக்கு எது வேணும்?"

அந்தக் கேள்விக்கு இன்றுவரை யாரும் பதில் சொல்லவில்லை. சுவாமி மணிக்கூட்டைப் பார்த்தார். சனமே தீர்மானிக்கட்டும் என்றார்.

எங்கள் கோயிலில் வாக்குச்சீட்டு இல்லை. பெயர் கொடுத்தவர்கள் முன்னால் நிற்பார்கள். யாரை விருப்பமோ அவருக்குப் பின்னால் சனம் போய் நிற்கும். சம்மாட்டிதான் முதலில் எழும்பினார். தமையனுக்குப் பின்னால் போய் நின்றவர் பீடத்தைப் பார்த்து நிற்கவில்லை. எங்கள் பக்கம் திரும்பி நின்றார். யார் யார் எந்தப் பக்கம் போகிறார்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

மரியான் அண்ணை மாஸ்டரின் பக்கம் போனார். கொஞ்சம் முன்பு பின்பக்கமாக நடந்து வாசல்வரை போன அத்தனை பேரும் போனார்கள். அப்பாவும் போனார். நிலத்தைப் பார்த்துக்கொண்டு போய், மாஸ்டரின் வரிசையில் கடைசி ஆளாக நின்றார்.

மாமிக்குப் பின்னால் இரண்டு விதவைகள் நின்றார்கள். நான் அம்மாவின் கையை உதறிவிட்டு ஓடிப்போய் மூன்றாவதாக நின்றேன். சபைக்கு நடுவில் நான் ஓடியது என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

"பொடியனை எண்ண ஏலாது சுவாமி" என்றார் சம்மாட்டி.

சுவாமி என்னை எண்ணவில்லை. பரிசுத்த ஆவியானவர் சனத்தின் வழியாகப் பேசிவிட்டார் என்று சொல்லி ஆசீர்வாதம் கொடுத்தார். பரிசுத்த ஆவியானவருக்கும் சம்மாட்டியின் கயிற்றில் வேலை இருந்திருக்கவேண்டும். மாமி முந்தானையால் தலையை மூடி, ஆசீர்வாதத்தைக் குனிந்து வாங்கிக்கொண்டார். அது எனக்கு எல்லாவற்றையும்விட ஆத்திரமாக இருந்தது.

திங்கட்கிழமை கயிற்றில் ஒரு சத்தமும் இல்லை. இனிக் கரையில் யாரும் வேதம் படிப்பிக்கக்கூடாது என்று உத்தரவு வந்திருந்தது. மாமி அந்தப் பக்கம் திரும்பாமல் மீனை வெட்டிக்கொண்டிருந்தார். எனக்கு மாஸ்டரில் கோபம், சுவாமியில் கோபம். ஆனால் அப்பாவில் இருந்தது கோபம் அல்ல, அருவருப்பு. கூடப்பிறந்த அக்காவை விட்டுவிட்டுப் போன மனுசன். ஒரு கிழமை அவரோடு நான் கதைக்கவில்லை. அவர் என் சோற்றுக் கோப்பையில் பெரிய மீன் துண்டை வைப்பார். நான் அதை எடுத்துத் தங்கச்சியின் சோற்றில் போடுவேன். அப்பா பார்த்துக்கொண்டு சாப்பிடுவார்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு நானும் அதே வலைக்கு வந்தேன். ஒருநாள் எனக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டிருந்த மரியான் அண்ணை, நான் கேட்காமலே சொன்னார். தெரிவுக்கு முதல்நாள் சம்மாட்டி கரையில் எல்லோரையும் கூப்பிட்டு, கருவாட்டுக்காரிக்குப் பின்னால் நிற்பவன் திங்கட்கிழமை வலைக்கு வரத்தேவையில்லை என்று சொல்லியிருக்கிறார். அன்று பின்னேரம் மாமி வீடு வீடாகப் போயிருக்கிறார்.

"நான் நிப்பன். பேரைக் குடுத்திட்டன், எடுக்கமாட்டன். நீங்கள் ஒருத்தரும் எனக்குப் பின்னால நிக்க வேண்டாம்" என்று ஒவ்வொரு வாசலிலும் சொல்லியிருக்கிறார்.

எல்லோரும் தலையாட்டினார்களாம். அப்பா மட்டும் மறுத்தாராம். வலை போனால் போகட்டும், அக்காவுக்குப் பின்னால்தான் நிற்பேன் என்று பிடிவாதம் பிடித்தாராம். பிறகு மாமி அவரை வேலிக்கு வெளியே கூட்டிக்கொண்டுபோய், பிள்ளைகள் என்னத்தைத் தின்னும் என்று கேட்டாராம். அதற்குப் பிறகுதான் அப்பாவும் தலையாட்டினாராம்.

தன்னைத் தோற்கடிக்கும்படி தானே வாசல் வாசலாகப் போய்க் கேட்கவேண்டிய நிலைக்கு ஒரு மனுசியைக் கொண்டுவந்தார்கள். அவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கப்போவதும் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளில் மூத்தவன் நான். அன்று மாமிக்குப் பின்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றபோது, அப்பா அந்த இடத்தில் நிற்க முடியாமல் போனது என் வயிற்றுக்காக என்பது எனக்குத் தெரியாது.