முழு டிக்கட்

கேகாலைக்குக் கார்னிவல் வந்த வருஷம் எனக்கு எட்டு வயது, அண்ணனுக்குப் பதின்மூன்று. அண்ணனுடைய இடது கால் பிறவியிலேயே சூம்பிப் போனது. அதற்காக அவன் ஓரிடத்தில் அடங்கி உட்கார்ந்தவன் இல்லை. தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளின் கூரையில் பந்து விழுந்தால் கைகளாலேயே தொற்றி ஏறி எடுத்து வந்துவிடுவான். அம்மா கண்டுவிட்டால் இறங்கியதும் முதுகில் இரண்டு விழும்.

கார்னிவலில் ராட்டினமும் மரணக் கிணறும் இருக்க, அண்ணன் ஒரு தகரக் கொட்டகை வாசலில் நின்றுவிட்டான். உள்ளே மூன்று ஆள் உயரத்துக்கு ஒரு பலகைச் சுவர். கைக்கும் காலுக்கும் பிடியாக அதில் கட்டைகள் அறைந்திருந்தார்கள். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஏறி, உச்சியில் தொங்கும் மணியை அடிக்க வேண்டும். காசு கொடுத்துச் சுவர் ஏறுகிற கூட்டத்தைப் பார்த்து அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அண்ணன் நகரவில்லை. வாய் திறந்து எதையும் கேட்கிற பழக்கம் அவனுக்குக் கிடையாது. அன்றைக்குக் கேட்டான்.

"ஒரே ஒரு தடவம்மா."

அம்மாவுக்கு மனம் இளகிவிட்டது. ஆனால் பேரம் பேசாமல் அவளுக்கு ஒரு தேங்காய்கூட வாங்க வராது. டிக்கட் கொடுத்தவர் மாவனல்லைப் பக்கத்து முஸ்லிம், நடு வயதுக்காரர். நேரே அவரிடம் போய், முஸ்லிம் அண்ணன்மாரை அழைக்கிற முறையில் 'நானா' என்று கூப்பிட்டாள்.

"நானா, இவனுக்கு அரை டிக்கட் குடுங்க."

"அரை டிக்கட் இல்லயே தங்கச்சி."

"காலப் பாருங்க. இவன் பாதிதான் ஏறுவான். பாதிக்குப் பாதி எடுங்க."

அம்மாவைக் குறை சொல்ல எனக்கு இன்றைக்கும் மனமில்லை. அவள் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள். அங்கே சொன்ன கிலோவுக்குப் பால் குறைந்தால் அன்றைக்கு 'அரைப் பேர்'தான், அதாவது அரை நாள் சம்பளம். பாதி செய்தால் பாதி என்பதுதான் அவளுக்குத் தெரிந்த நியாயம். அந்த நியாயத்தை அன்றைக்கு எங்கள் பக்கம் திருப்பிப் பார்த்தாள். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான்.

அவர் அம்மாவை விட்டுவிட்டு அண்ணனைப் பார்த்தார்.

"மகன், நீங்க பாதி ஏறவா வந்தீங்க?"

அண்ணன் இல்லையென்று தலையாட்டினான்.

"அப்ப முழு டிக்கட். சுவரு எல்லாருக்கும் ஒரே உசரந்தானே."

அம்மா முணுமுணுத்துக்கொண்டே முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். எனக்கு அந்த மனிதர்மேல் அப்படி ஒரு கோபம். கல்நெஞ்சக்காரன் என்று மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். அந்தக் கல்நெஞ்சக்காரர் எழுந்து வந்து தாமே அண்ணனுக்குக் கயிற்றைக் கட்டினார். எந்தக் கால் பலம் என்று கேட்டு, வலது காலுக்குத் தோதாகக் கட்டைகள் நெருக்கமாக இருந்த ஓரத்துக்குக் கூட்டிப் போனார். முதல் கட்டை எட்டவில்லை. தாம் உட்கார்ந்திருந்த வாங்குப் பலகையையே இழுத்துப் போட்டு அதில் ஏறச் சொன்னார்.

அண்ணன் ஏறினான். கைகள்தான் அவனை ஏற்றின. கீழே நின்றவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். மணிக்கு இரண்டு முழம் கீழே பிடி வழுக்கி, கயிற்றில் தொங்கினான். நான் வீரிட்டுக் கத்தினேன். அவனோ தொங்கியபடி சிரித்துக்கொண்டிருந்தான்.

அவனை இறக்கிவிட்டதும் அம்மா மறுபடி தொடங்கினாள்.

"மணி அடிக்கலயே நானா. மிச்சத்தயாவது தாங்க."

"காலையில இருந்து விழுந்த எல்லார்கிட்டயும் முழுக் காசுதான் எடுத்தேன் தங்கச்சி. இவருக்கு மட்டும் எப்பிடிக் குறைக்கிற?"

அண்ணனின் முகம் பூரித்துவிட்டது. அப்படி ஒரு முகத்தை நான் அதற்குமுன் அவனிடம் பார்த்ததில்லை. காசைப் பறிகொடுத்துவிட்டு எதற்குச் சிரிக்கிறான் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர் வந்தார். பன்னிரண்டு வயது தாண்டியும் அம்மா அண்ணனுக்கு அரை டிக்கட்தான் எடுப்பாள். காலைப் பார்த்ததும் எந்தக் கண்டக்டரும் வயதைக் கேட்பதில்லை. அன்றைக்கு அம்மா வாயெடுப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டு, தனக்கு முழு டிக்கட் என்று சிங்களத்தில் சொன்னான். அம்மா அவனைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து முழுக் காசையும் எடுத்துக் கொடுத்தாள்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. அவன் காதோடு சொன்னேன்:

"எனக்கு மட்டும் ஒன் காலு மாதிரி இருந்துச்சுன்னா, சாகுற வரைக்கும் அரை டிக்கட்லயே போவேன்."

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தான். கோபிக்கவில்லை. ஜன்னலோரத்தை எனக்கு விட்டுக்கொடுத்து, என் தலையில் கையை வைத்தபடி வந்தான். ஏதோ பெரிய யோசனை சொல்லிவிட்டேன் என்று, தோட்டத்துச் சந்தியில் இறங்கும்வரை எனக்கு ஒரே பெருமை.