மெர்சி அத்தைக்கு வாரம் மூன்று நாள் குளிர்

போன வியாழக்கிழமை வேதியியல் வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது என்னை அலுவலக அறைக்கு அழைத்தார்கள். தொலைபேசியில் அப்பா. திரும்பி வந்து பையை எடுத்தபடி பக்கத்து இருக்கை ஜெனிட்டாவிடம், "அத்தை போய்ட்டாவ" என்றேன்.

அவள் சிரித்தாள். "போளா, இந்த வருசம் இது எத்தனாவது அத்தை?"

அவளைக் குறை சொல்ல முடியாது. லீவுக்காக நான் மூன்று அத்தைகளைக் கொன்றிருக்கிறேன். உண்மையில் எனக்கு இருந்தவர் ஒரே அத்தை, அப்பாவின் தங்கை மெர்சி அவர்கள்.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். துறைமுகத்துப் பக்கம் ஒரு சரக்கு அலுவலகத்தில் தட்டச்சு செய்தவர். வயது முப்பத்தெட்டு. சிறுநீரகங்கள் கைவிட்ட பிறகு திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் டயாலிசிஸ் நாற்காலியில் நான்கு மணி நேரம் கிடப்பார். ரத்தம் வெளியே போய்த் திரும்பும்போது குளிர் எலும்பில் ஏறுமாம். "மொதல்ல காலுதான் வெறைக்கும், ஏளா" என்பார். கடைப் போர்வை ஊசி குத்திய கையை அழுத்தியது. இடது கை மட்டும் வெளியே இருக்கும்படி ஓரத்தில் ஒரு வெட்டு விட்டு, லேசான பஞ்சுப் போர்வை ஒன்றைத் தாமே தைப்பதென்று முடிவு செய்தார். அதைப் போர்த்திக்கொண்டு ஒரு நாளாவது அந்த நாற்காலியில் உட்கார வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

பஞ்சு வாங்கப் போனோம். கடை அண்ணாச்சி, "தூத்துக்குடி வெயிலுக்குப் போர்வையா? காஷ்மீருக்கு மாத்தலா?" என்றார்.

"ஆமா அண்ணாச்சி, வாரத்துல மூணு நாளு" என்றார் அத்தை.

மாடிப்படிக்கு அடியில் கிடந்த பழைய கால் மிஷினை இழுத்துப் போட்டார். அதுவரை பொத்தான்கூடத் தைத்ததில்லை. பழைய சேலைக் கட்டங்கள் மேலே, பஞ்சு நடுவே, படுக்கை விரிப்பு கீழே. மூன்றும் நழுவாமலிருக்க எங்கும் ஊக்கு. நடுவிலிருந்து ஓரத்துக்குத் தைக்க வேண்டும், இல்லாவிட்டால் சுருக்கம் விழும். துணியைக் கையால் இஷ்டப்படி நகர்த்த, ஊசிக்குக் கீழே துணியை இழுக்கும் பல் இறங்க வேண்டும். அந்தக் கிழட்டு மிஷினில் பல் இறங்காது. என் பழைய பள்ளி அடையாள அட்டையைப் பல்லின்மேல் ஒட்டி, ஊசி போக ஓட்டை போட்டார். ஓட்டை சரியாக என் படத்தின் வாயில் விழுந்தது.

"ஏற்கெனவே ஓட்டை வாய்தான" என்றார்.

பழிவாங்காமல் விடுவேனா? ஒரு சனிக்கிழமை, அவர் படுத்திருந்தபோது, மேல்நூலை இறுக்கிப் பிடிக்கும் சின்னத் திருகைத் தளர்த்திவிட்டேன். மேலே தையல் ஒழுங்காகவே விழுந்தது. போர்வையைப் புரட்டினால் அடியில் நூல் குருவிக்கூடு. தம் கைதான் சரியில்லை என்று எண்ணி, கால் வீங்காத நாளெல்லாம் உட்கார்ந்து பிரித்தார். ஒரு வாரம் போயிற்று. மூன்று குளிர்.

கடைசியில் கண்டுபிடித்தார். திட்டவில்லை. "ஒரு கட்டத்த மட்டும் பிரிக்காம வச்சிருக்கேன். நான் இல்லாதப்ப, 'இத நான் செய்யல'ன்னு நீ சாதிக்கக் கூடாதுல்லா" என்றார்.

நான் சிரித்தேன். அதுதான் இப்போது தாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை போர்வையை எடுத்துப் போவதாக இருந்தார். வியாழன் பகலில் மூச்சு நின்றது. ஒரு பக்க ஓரம் பாக்கி. அந்த ஒரு வாரம் போகாமல் இருந்திருந்தால், மூன்று முறை போர்த்தியிருப்பார்.

மறுநாள் நாலு மணிக்கு அடக்கம். எனக்கு ஒரு மணி நேரம் வேண்டும் என்று அப்பாவிடம் சொல்லி மிஷினில் உட்கார்ந்தேன். அட்டையில் என் முகம் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிய்த்தெடுத்தேன். நேர்த்தையலுக்கு மிஷினின் பல்லே போதும். ஓரத்தை முடித்ததும் பெரியம்மா கத்தரிக்கோலோடு வந்தார். "இந்த நூல் சிக்க வெட்டிருவோமா, அசிங்கமா கெடக்கு."

"கெடக்கட்டும் பெரியம்மா. அது நான் செஞ்சது."

பெட்டியில் காலிலிருந்துதான் போர்த்தினேன். சிக்கு விழுந்த கட்டம் பாதத்தின்மேல் வந்தது. இடது கை, பழக்கம்போல, வெட்டின் வழியே வெளியே இருந்தது. பிடித்து உள்ளே வைத்தேன்.

இனி ஊசி இல்லை, அத்தை. இரண்டு கையும் உள்ளேயே இருக்கட்டும்.