ஆண் குரலுக்கு நான், பெண் குரலுக்கு மாமா

பள்ளிக்கூடத்தில் காலை வணக்கப் பாட்டுக்கு என்னை எப்போதும் கடைசி வரிசையில்தான் நிறுத்துவார்கள். பாட்டு டீச்சர் நல்லவர், அடிக்கமாட்டார். என் பக்கம் வந்து காதோரமாக, "நீ சத்தம் போடாம வாயை மட்டும் அசைச்சா போதும்மா" என்பார். என் குரல் அப்படி. பாவாடை கட்டிய வயசிலேயே தடித்துக் கனத்துவிட்டது. வாசலில் நின்று நான் தம்பியைக் கூப்பிட்டால், நைனா ஷிப்டு முடிந்து வந்துவிட்டார் என்று நினைத்து அம்மா அடுப்பில் தோசைக்கல்லைப் போடுவாள்.

தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில், சுரங்கத் தொழிலாளிகளுக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று எங்களுடையது. நைனாவுக்குப் பூமிக்கு அடியில், சுரங்கத்துக்குள் வேலை. அண்ணன் மேலே வொர்க்ஷாப்பில் பிட்டர். ஆனால் அதைக் கேட்டால் அவன் சொல்லமாட்டான். "ஆர்கெஸ்ட்ரா வச்சிருக்கேன்" என்பான். சாயந்திரமானால் தலையில் எண்ணெய் வழிய சீவிக்கொண்டு, கழுத்தில் கைக்குட்டை கட்டி, ஒரு அக்கார்டியன், ஒரு ஆர்மோனியம், ஒரு ஜோடி பாங்கோ சகிதம் சினிமாப் பாட்டுப் பாடப் போய்விடுவான். கதாநாயகன் குரல் எல்லாம் அவனுக்கு.

கதாநாயகி குரல் பக்கத்து வீட்டு மாமாவுக்கு. அந்தக் காலத்தில் பெண்பிள்ளையை மேடையேற்ற யாரும் லேசில் விடமாட்டார்கள். அதனால் எங்கள் பக்கத்து ஆர்கெஸ்ட்ராக்கள் பலவற்றில் பெண் குரலில் பாடும் ஆண் ஒருவர் இருப்பார். எங்கள் மாமா ஆறடி உயரம், இரண்டு பக்கமும் முறுக்கிவிட்ட மீசை. சுரங்கத்தில் இறங்கும் ஷாப்டுக் குழியின் வாயில் ஆட்களைக் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏற்றி, கதவைச் சாத்தி, கீழே இறக்கச் சொல்லி மணியடிப்பது அவர் வேலை. பேசினால் சாதாரணக் குரல்தான். கண்ணை மூடிக்கொண்டு பாட ஆரம்பித்தாரென்றால் எங்கிருந்தோ பதினாறு வயசுப் பெண்ணொருத்தி வந்து வெட்கப்பட்டுக்கொண்டு நிற்பாள்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கோரமண்டல் சுரங்கப் பக்கத்து ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் பெங்களூரிலிருந்து நிஜமான ஒரு பெண்ணைக் கூட்டிவந்து, ஜிகினாப் புடவை கட்டி மேடையில் நிறுத்தியதும் வந்தது வினை. அந்தப் பெண் சுமாராகத்தான் பாடினாள் என்று போய்ப் பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். சொல்லிவிட்டு மறுபடியும் போய்ப் பார்த்தார்கள். அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னிடம் வந்து, இதற்கு முன் ஒருநாளும் இல்லாத பாசத்தோடு பக்கத்தில் உட்கார்ந்தான்.

"வர்ற புத்த பூர்ணிமாவுக்கு நம்ம திடல்ல கச்சேரி கீது. நீ மேடைக்கு வரணும்."

"நானா? எனக்குப் பாட வராதே!"

"உன்ன யாரு பாடச் சொன்னா? பாடக்கூடாது. மாமா திரைக்குப் பின்னால நின்னுகினு பாடுவாரு. நீ முன்னால நின்னு வாயை அசை."

வாயசைப்பதில் எனக்கு அதற்குள் பல வருஷ அனுபவம் இருந்தது. அம்மாதான் குறுக்கே வந்தாள். "வயசுப் பொண்ண மேடையில ஏத்தினா நாளைக்கு எவன் வந்து கேப்பான்?" நைனா வெற்றிலையை மென்றபடி, "சும்மா நிக்கத்தானே போறா? கோயில்ல சிலை நிக்கல?" என்றார். அவர் அதிகம் பேசாதவர் என்பதால் அவர் பேசிவிட்டால் பேச்சு முடிந்ததாக அர்த்தம். மாமாவுக்கு மட்டும் மனசு சரியில்லை. இத்தனை வருஷம் முன்னால் நின்றவரைப் பின்னால் போகச் சொன்னால் யாருக்குத்தான் சரியாக இருக்கும்? ஆனாலும் என் தலையைத் தட்டி, "நான் மூச்சு எடுக்கிற இடத்துல நீயும் எடுக்கணும்மா. இல்லாட்டி கண்டுபுடிச்சிருவானுங்க" என்று சொல்லிக்கொடுத்தார்.

அந்தச் சாயந்திரம் திடல் நிரம்பி வழிந்தது. பிக்கு பேசி முடித்து, எல்லாரும் பஞ்சசீலம் சொல்லி, பாயசம் வாங்கிக் குடித்த பிறகு எங்களை மேடைக்குக் கூப்பிட்டார்கள். அத்தை, அதாவது மாமாவின் மனைவி, தன் கல்யாணப் பட்டை எனக்குக் கட்டிவிட்டிருந்தாள். மேடையில் ஏறியதும் விசில். கோரமண்டல்காரர்கள் சிலர் ஓரமாக நிற்பதை அண்ணன் கண்ணால் காட்டினான். அவன் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

டூயட் பாட்டு. முதல் வரி அண்ணனுக்கு, அடுத்தது எனக்கு, அதாவது மாமாவுக்கு. இரண்டு சுற்று பிரமாதமாகப் போனது. மாமா மூச்சை விட்ட இடத்தில் நானும் விட்டு, அவர் பிடித்த இடத்தில் பிடித்தேன். மூன்றாவது சுற்றில் ஒரு நீளமான 'ஆ' வரும். நான் வலது கையை நெஞ்சில் வைத்து, கண்ணைச் செருகி, வாயைத் திறந்தேன்.

புத்தர் படத்துக்கு ஏற்றிய ஊதுவத்திக் கட்டை யாரோ ஒரு புண்ணியவான் திரைக்குப் பின்னால், மாமாவின் காலடியில் செருகி வைத்திருக்கிறார். அது எங்களுக்குத் தெரியாது. அந்த 'ஆ' பாதி வழியில் இருக்கும்போது என் திறந்த வாயிலிருந்து, மைக் மூலமாகத் திடல் முழுக்க, நல்ல ஆறடி ஆம்பளையின் தும்மல் ஒன்று புறப்பட்டுப் போயிற்று.

ஒரு கணம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு இரண்டாவது தும்மல். அதன் வேகத்தில் திரையின் ஒரு முனை கழன்று சரிந்தது. மாமா ஒரு கையில் மைக்கும் மறு கையில் மூக்குமாக நின்றார்.

"இன்னாம்மே, ஒனக்கு மீசை வெளிய நிக்குது!" என்று முன்வரிசையில் யாரோ கத்த, திடலே உருண்டு சிரித்தது. கோரமண்டல்காரர்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள்.

அடுத்த வரி அண்ணனுடையது. அவன் சிலைபோல நின்றான். அக்கார்டியன்காரர் பாவம், ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தார். எனக்குத் தைரியம் வந்தது என்று சொன்னால் பொய். வெட்கம் வந்தது. வெட்கம் கோபமாயிற்று. அந்தக் கோபத்துக்கு ஆளாகப் பக்கத்தில் நின்றது அண்ணன். அவன் முன்னால் இருந்த மைக்கை இழுத்து, அவன் வரியை நான் பாடினேன்.

மைக்கில் என் குரலை நான் கேட்பது அதுதான் முதல் தடவை. அடியிலிருந்து, மெதுவாக, கரகரப்பே இல்லாமல் வந்தது. இது யாருடையது என்று எனக்கே திரும்பிப் பார்க்கத் தோன்றியது. வீட்டில் தினமும் அண்ணன் பயிற்சி செய்ததைக் கேட்டுக் கேட்டு அந்தப் பாட்டு எனக்குள் எப்போதோ குடியேறியிருக்கிறது.

என் வரி முடிந்தால் பெண் வரி. மாமா யோசிக்கவே இல்லை. சரிந்த திரையை மிதித்துக்கொண்டு, மீசையில் ஊதுவத்திச் சாம்பலோடு முன்னால் வந்து, கண்ணை மூடி, அந்தப் பதினாறு வயசுப் பெண்ணின் வெட்கத்தோடு எனக்குப் பதில் சொன்னார். கல்யாணப் பட்டு கட்டிய நான் கதாநாயகன். முறுக்கு மீசை மாமா கதாநாயகி. சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கி, கடைசிச் சரணத்தில் திடலில் குழந்தை அழுகை கூட இல்லை. முடிந்ததும் "ஒன்ஸ் மோர்" என்று கிளம்பிய சத்தத்தில் கோரமண்டல்காரர்களின் சத்தமும் இருந்தது.

அதற்கப்புறம் ஒரு வருஷத்துக்குள் நான் பெரிய ஆளாகிவிட்டேன். நந்திதுர்க்கிலிருந்து கூப்பிட்டார்கள், மாரிக்குப்பத்திலிருந்து கூப்பிட்டார்கள். சுவரில் ஒட்டிய காகிதத்தில் என் தலையும் மாமாவின் மீசையும் இருந்தன. குழாயடியில் குடத்தோடு போனால் எனக்கு வழிவிட்டார்கள். அம்மாவுக்கும் என் குரலில் ஒரு பிரயோஜனம் கிடைத்தது. நைனா ஷிப்டில் இருக்கும்போது கடனுக்குச் சேலை விற்கிறவன் கதவைத் தட்டினால், "யாருப்பா அது?" என்று என்னைக் கேட்கச் சொல்வாள். அவன் அப்படியே நடையைக் கட்டிவிடுவான்.

ஒருமுறை நான் கீழ் ஸ்தாயியில் இறங்கிக்கொண்டிருந்தபோது பூமி குலுங்கியது. சுரங்கத்துக்குள் எங்கோ பாறை வெடித்திருந்தது. எங்கள் ஊரில் அது அடிக்கடி நடக்கும். வீட்டுப் பாத்திரங்கள் உருளும், பிறகு எல்லாரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அன்றும் அப்படித்தான். பாட்டு நின்றது. கூட்டம் முழுக்க ஷாப்டு இருக்கும் திசையைப் பார்த்து நின்றது. என் நைனாவும் அப்போது கீழேதான் இருந்தார். கொஞ்ச நேரத்தில் சைக்கிளில் ஒருவர் வந்து, "ஒண்ணும் ஆவல, அது பழைய லெவல், அங்க ஆளே இல்ல" என்று சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. உடனே யாரோ கத்தினார்கள்: "பாப்பா, கொஞ்சம் மேலயே பாடும்மா! நீ எறங்கினா பூமி தாங்கல!"

அண்ணன்தான் பாவம். "எம் பாட்ட எல்லாம் புடுங்கிகினா" என்று வீட்டில் யாரோடும் பேசாமல் இருந்தான். "நீதானேடா இட்டுகினு போனே?" என்றாள் அம்மா. கடைசியில் மேடையில் எங்களை அறிமுகம் செய்யும் வேலையை எடுத்துக்கொண்டான். பாடுவதைவிட அது அவனுக்கு நன்றாக வந்தது. ஒரு பாட்டுக்கு முன்னால் இரண்டு பாட்டு நேரம் பேசுவான்.

பெங்களூர் ரேடியோவுக்கு எழுதிப் போட்டதும் அவன்தான். மூன்று பேரும் ரயிலில் போனோம். கண்ணாடி அறைக்குள் எங்களை விட்டுக் கதவைச் சாத்தினார்கள். அண்ணன் இட்டுக்கட்டிய ஒரு மழைப் பாட்டை நானும் மாமாவும் பாடினோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி தலையைக் குனிந்து கேட்டுவிட்டு, நிமிர்ந்து எங்களைப் பார்த்து, மறுபடியும் குனிந்துகொண்டார். பாட்டை எடுத்துக்கொண்டார்கள்.

ஒலிபரப்பான சாயந்திரம் படிப்பகத்து ரேடியோவைச் சுற்றி லைனே கூடியது. குடியாத்தத்திலிருந்து யார் வீட்டுக்கோ வந்திருந்த ஒரு பெரியவரும் உட்கார்ந்திருந்தார். பாட்டு வந்தது, முடிந்தது. எங்கள் ஆட்கள் கைதட்டினார்கள். பெரியவர் மட்டும் சுற்றிலும் பார்த்தார்.

"இதுக்கா இம்மாங் கூட்டம்? ஒரு ஆம்பள பாடினான், ஒரு பொம்பள பாடினா. எல்லாப் பாட்டும் அப்டித்தானே? ஆம்பள கொரல் நல்லா கீது. பொம்பளதான் கொஞ்சம் கீச்சு."

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. ரேடியோவில் எங்கள் முகம் தெரியாது! யார் யாருடைய குரலில் பாடுகிறார்கள் என்று கேட்கிறவனுக்கு எப்படித் தெரியும்? எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். மாமா மட்டும் சிரிக்கவில்லை. "கீச்சா? எங்க கீச்சு? எந்த எடத்துல?" என்று அந்தப் பெரியவரை ஸ்டேஷன் வரைக்கும் விடாமல் கேட்டுக்கொண்டே போனார்.

அந்தப் பாட்டை ரேடியோவில் இன்னும் சில தடவை போட்டார்கள். அதன் பலன் இரண்டு வருஷம் கழித்து வந்தது. பங்காருப்பேட்டையிலிருந்து ஒரு வரன். பையனுக்கு ரயில்வேயில் வேலை. பாட்டென்றால் உயிராம். என் பாட்டை ரேடியோவில் கேட்டிருக்கிறாராம்.

பெண் பார்க்க வந்தவர்கள் பலகாரம் சாப்பிட்ட பிறகு, மாப்பிள்ளையே கூச்சத்தோடு, "அந்த மழைப் பாட்டைப் பாடச் சொல்லுங்க" என்றார். நான் பாடினேன். அவர் முகம் வெளுத்தது. காப்பி டம்ளர் கையிலேயே நின்றது.

"இல்லைங்க, அந்தப் பொண்ணு பாடினது..." என்று இழுத்தார்.

அம்மா தலையில் கைவைத்தாள். அண்ணன் இந்தச் சந்தர்ப்பத்துக்காகவே பிறந்தவன்போல எழுந்து, நீளமாக அறிமுகம் செய்து, காப்பித் தட்டோடு நின்றுகொண்டிருந்த மாமாவைக் கையைப் பிடித்து முன்னால் கொண்டுவந்து நிறுத்தினான். மாமா தட்டை வைத்துவிட்டு, கண்ணை மூடி, பெண் வரியைப் பாடினார்.

மாப்பிள்ளை மாமாவின் மீசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்ததும் என் பக்கம் திரும்பி, முதல் தடவையாக என்னிடம் நேராகப் பேசினார்.

"அப்போ அந்த ஆம்பளக் கொரல் நீங்களா?"

"ஆமா."

"அந்தாளு மேல எனக்கு ரெண்டு வருஷமா வயித்தெரிச்சல்" என்றார்.

நைனா சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அடுத்த தை மாதம் கல்யாணம். பிக்குவின் முன்னிலையில் மாலை மாற்றிக்கொண்டோம். கச்சேரி வைக்கச் சொல்லி எல்லாரும் கேட்டார்கள், நான் மணப்பெண் என்பதால் பாடவில்லை. அண்ணனே மறுபடியும் கைக்குட்டை கட்டிக்கொண்டு ஆண் குரலில் பாடினான். பக்கத்தில் மாமா. என் வீட்டுக்காரர் முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு, விடாமல் ஒன்ஸ் மோர் கேட்டுக்கொண்டிருந்தார்.