வெள்ளை ஈக்கு விளக்கெண்ணெய்

பூச்சி மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவளுக்கு வேண்டிய முதல் தகுதி, காலையில் தின்ற இட்லி இறங்குவதற்குள் யார் எந்தப் புழுவைக் கொண்டுவந்து முன்னால் கொட்டினாலும் முகத்தைச் சுளிக்காமல் "எந்தப் பயிர்ல இருந்து எடுத்தீங்க?" என்று கேட்பது. தென்காசியில் எட்டு வருஷமாக என் பொழுது இப்படித்தான் போகிறது. கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைக்கிற எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர்கள்தான். நீங்கள் துணி விற்றாலும் சரி, போன் ரீசார்ஜ் செய்தாலும் சரி, நான் படுகிற பாடு உங்களுக்குப் புரியும்.

டிபன் டப்பா

வாசுதேவநல்லூர் ராமலட்சுமி அக்காவுக்கு எலுமிச்சையும் தென்னையும் உண்டு. ஒரு நாள் பஸ்ஸை விட்டு இறங்கி நேராகக் கடைக்கு வந்து ஒரு எவர்சில்வர் டப்பாவை நீட்டினாள். பலகாரம் என்று நினைத்து ஆசையாகத் திறந்தேன். உள்ளே ஆறு பச்சைப் புழுக்கள், கொழுகொழுவென்று, எலுமிச்சை இலையை மென்றுகொண்டிருந்தன. அய்யே!

மற்றவர்கள் புழுவை நசுக்கித்தான் கொண்டுவருவார்கள். பேப்பரில் பச்சையாக ஒரு கறை இருக்கும், அதைப் பார்த்து நான் ஜாதகம் சொல்ல வேண்டும். இவளோ மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு, உயிரோடு கொண்டுவந்திருந்தாள். "ஆறு புழுவுக்கு மருந்து எதுக்கு, கையாலேயே பொறுக்கிப் போடுங்க" என்றேன். "அது சரி, சாகப் போற புழுவுக்கு இவ்வளவு தளிர் இலை எதுக்குக்கா?" என்று கேட்டதற்கு அவள் சொன்னாள்: "ஒரு மணி நேரத்துக்கு மேல பஸ்ஸுலா, பாவம், பசிக்கும்லா."

காலை ஒன்பது மணி

சுந்தரபாண்டியபுரம் பரமசிவம் அண்ணாச்சி பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். சூரியகாந்தி பூத்து நின்ற நேரத்தில் புழு விழுந்துவிட்டது. மருந்தைக் கொடுக்கும்போதே "சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு அடிங்க" என்று மூன்று தடவை சொன்னேன். தலையை ஆட்டிவிட்டுத்தான் போனார். ஆனால் பட்டாளத்தில் எல்லாம் காலையில்தானாம். மறுநாள் ஒன்பது மணிக்கே, பூவோடு போட்டோ எடுக்க வந்த கூட்டத்தை வரப்பிலிருந்து விரட்டிவிட்டு, மருந்து டேங்கை முதுகில் மாட்டி அடித்துத் தள்ளிவிட்டார். பூவில் தேனீ மொய்க்கிற நேரம் அது.

இரண்டு நாள் கழித்து வந்து கவுண்டரில் கைக்குட்டையை விரித்தார். ஒரு பிடி தேனீ செத்துக் கிடந்தது. "தேனீ வரலைன்னா பூ இருக்கும், உள்ள மணி இருக்காது அண்ணாச்சி" என்று கொஞ்சம் காரமாகவே சொன்னேன். அடுத்தவர் தப்பைக் கண்டால் என் குரல் தானாக ஏறும், அது என் வியாதி. அவர் விறைப்பாக நின்று கேட்டுவிட்டு, கைக்குட்டையை மெதுவாக மடித்தார். "அப்போ நம்ம ஆளையே நாம சுட்டுட்டோம்னு சொல்லுத."

மைதா மாவு

செல்லையா அண்ணாச்சி குற்றாலத்தில் அருவிக்குக் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். வீடு இலஞ்சியில், வீட்டைச் சுற்றிப் பதினோரு தென்னை. பங்குனி வெயிலில் அருவி காய்ந்து பாறையாகிக் கிடந்தபோது, ஒரு தென்னங்கீற்றைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். கீற்றின் அடியில் வெள்ளைப் பஞ்சு சுருள் சுருளாக. மேலே அடுப்புக் கரி மாதிரி கருப்பு. வெள்ளை ஈ! அது இலைச் சாற்றைக் குடித்துவிட்டுச் சொட்டுகிற தேன் மாதிரியான தண்ணீரில்தான் இந்தக் கருப்பு படியும்.

"காய்ப்பு குறைஞ்சு போச்சு, இருக்கதுலயே கடுமையான மருந்தைக் குடு. மர வியாபாரி சித்திரை கடைசியில வந்து பதினொண்ணையும் வெட்டுதேன்னு சொல்லிட்டுப் போயிருக்கான். அருவி நின்ன மாசத்துல இந்த மரந்தாம்மா எங்களுக்குச் சோறு போடுது" என்றார். அந்தக் குரலுக்கு என் கை தானாக அலமாரிப் பக்கம் போனது. ஆனாலும் பாட்டிலை எடுக்கவில்லை. வெள்ளை ஈக் குஞ்சுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்கிற ஒரு பொடிக் குளவி இருக்கிறது. கடும் மருந்து அடித்தால் முதலில் சாவது அதுதான். ஈ திரும்ப வந்துவிடும். பரமசிவம் அண்ணாச்சியின் தேனீக் கதையைச் சொன்னேன். கீற்றில் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள், கருப்பு உதிர மைதாக் கஞ்சி அடியுங்கள், மஞ்சள் ஷீட்டில் விளக்கெண்ணெய் தடவி மரத்தில் கட்டுங்கள், மஞ்சளைப் பார்த்து ஈ வந்து ஒட்டும் என்றேன். "மைதாவா? மரத்துக்குப் பரோட்டாவா போடப் போறோம்?" என்று முனகிக்கொண்டே போனார். கல்லாவில் இருந்த என் முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். "எம்மா, இது மருந்துக் கடையா, இல்ல பூச்சிக்கு நீ கட்டி வச்ச சத்திரமா?"

கைப்பழக்கம்

ஒரு வாரத்தில் அண்ணாச்சி திரும்ப வந்தார். "ஒத்த ஈ ஒட்டலை" என்றார். நம்ப முடியாமல் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு இலஞ்சிக்குப் போனேன். பதினோரு மரத்திலும் மஞ்சள் ஷீட் பளபளவென்று மின்னியது. விரலை வைத்துப் பார்த்தால் பிசுக்கே இல்லை.

"எப்படித் தேய்ச்சீங்க?" என்றேன். செய்து காட்டினார். உள்ளங்கையைச் சூடுபறக்க உரசி, எண்ணெயை ஊற்றி, மேலிருந்து கீழாக நீவி, கட்டைவிரலால் அழுத்தி, மிச்ச எண்ணெயைத் துண்டால் சுத்தமாகத் துடைத்து! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவருக்கு வரவில்லை. "துடைக்கக் கூடாது அண்ணாச்சி, அப்பி விடணும், வழியணும்" என்றேன். தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். "முப்பது வருசமா வழிய விட்டு எவனுக்கும் தேய்ச்சதில்லம்மா, ஈக்கு மட்டும் எப்படிம்மா கை வரும்?"

ராமலட்சுமி அக்காவின் கீற்று

கை வந்தது. ஷீட்டில் ஈ ஆயிரக்கணக்கில் ஒட்டியது. ஆனால் புதுசு புதுசாகப் பொரித்துக்கொண்டே இருந்தது. குளவி வந்தால்தான் தீரும், இலஞ்சிப் பக்கம் எல்லோரும் மருந்தடித்துக் குளவியே இல்லை. சித்திரையும் பாதி போய்விட்டது. அப்போதுதான் ராமலட்சுமி அக்கா ஞாபகம் வந்தது. புழுவுக்குச் சாப்பாடு கட்டிக் கொண்டுவந்த மனுஷி தென்னைக்கு விஷம் அடித்திருப்பாளா? ஞாயிற்றுக்கிழமை வாசுதேவநல்லூருக்கு ஓடினேன். அவள் மரக் கீற்றைத் திருப்பி லென்ஸில் பார்த்தால், வெள்ளை ஈக் குஞ்சுகள் பாதிக்கு மேல் கருத்திருந்தன. உள்ளே குளவி இருக்கிறது என்று அர்த்தம்! கீற்றைத் துண்டு துண்டாக வெட்டி, அதே ஓட்டை போட்ட டிபன் டப்பாவில் அடைத்துக் கொடுத்தாள்.

அண்ணாச்சி தானே மரமேறி, துண்டுகளைக் கீற்றுகளில் ஸ்டேப்ளரால் அடித்துவிட்டு இறங்கினார். சித்திரை கடைசியில் மர வியாபாரி சொன்னபடி ரம்பத்தோடு வந்து நின்றான், நானும் அங்கே இருந்தேன். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். என் பேச்சைக் கேட்டு மரமும் போய், வியாபாரியும் போய்விட்டால் அந்தக் குடும்பத்துக்கு நான் என்ன பதில் சொல்வேன்? "ஆனி வரைக்கும் பொறுங்க" என்றேன். அவர் வியாபாரியைத் திருப்பி அனுப்பினார். அவன் ரம்பத்தை வண்டியில் போட்டுக்கொண்டே என்னைக் காட்டிக் கேட்டான்: "பூச்சிக்குப் பூச்சியே மருந்துன்னா, இந்தப் பிள்ளைக்கு எதுக்குய்யா சம்பளம்?"

ஆனிச் சாரல்

ஆனி பிறந்து சாரல் விழுந்தது. ஒரு காலையில் செல்லையா அண்ணாச்சி நனைந்துகொண்டே வந்து அதே துண்டைக் கவுண்டரில் பிரித்தார். உள்ளே இருந்த கீற்றைத் திருப்பி லென்ஸில் பார்த்தேன். ஈக் குஞ்சுகள் அத்தனையும் கருப்பு. ஒவ்வொன்றின் முதுகிலும் ஊசியால் குத்தினது மாதிரி வட்டமாக ஒரு ஓட்டை. குளவி பொரித்து வெளியே போய்விட்டது! பழைய மட்டைகளில் கருப்பு இன்னும் இருக்கிறதாம், ஆனால் புதுக் குருத்து பச்சைப் பசேலென்று வந்திருக்கிறதாம். பாளையும் தள்ளியிருக்கிறதாம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெட்கமே இல்லாமல் அழுதேன்.

"வியாபாரி வந்தானா?" என்று முதலாளி கேட்டார். வந்தானாம். வெட்ட மரம் இல்லை என்று சொன்ன அண்ணாச்சி, வந்தவனை வெறுமனே அனுப்பக் கூடாது என்று எண்ணெய் தேய்த்து அருவிக்கு அனுப்பிவைத்தாராம். பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கும் இவரே குளவி இருக்கிற கீற்றை வெட்டிக் கொடுத்திருக்கிறார். என் லென்ஸை வாங்கி, கீற்றில் நகர்ந்த ஒரு பொடிக் குளவியை ரொம்ப நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உடம்பு இத்தனூண்டா இருக்கு, இல்லைன்னா இவனை ஒரு நாள் உக்கார வச்சு நல்லா எண்ணெய் தேய்ச்சு விட்டுருவேன்."

எட்டு வருஷத்தில் இந்தக் கவுண்டரில் நான் உருப்படியாகச் செய்த ஒரே வியாபாரம் செல்லையா அண்ணாச்சிக்கு மருந்து கிடையாது என்று சொன்னதுதான், இதை என் முதலாளி காதில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.