மதாம் எஸ்தரின் பஸ்கா மேசை

இன்று லா சப்பல் தமிழ்க் கடையொன்றில் கறுவாப் பொதியொன்று பேரீச்சம்பழப் பெட்டிக்குள் உடைந்து கொட்டியிருந்தது. அந்த வாசத்தில், இடிக்கப்பட்டுவிட்ட எங்கள் பழைய கட்டடமும், கீழ்வீட்டில் தனியாக இருந்த யூதப் பெண்மணி மதாம் எஸ்தரும் நினைவுக்கு வந்தார்கள்.

புளித்த மாவே வீட்டில் இருக்கக்கூடாத பஸ்காப் பண்டிகை நெருங்கினால் அவர் பாண் துணுக்கு ஒன்றும் மிஞ்சாமல் அலுமாரிகளைத் துடைத்து, பேரீச்சம்பழமும் அக்ரூட்டும் கறுவாவும் சேர்த்து இடிப்பார். அந்தச் சத்தம் எங்கள் வீடுவரை கேட்கும். "இந்த இரவு ஏன் மற்ற இரவுகளைப் போலில்லை?" என்று பண்டிகை இரவு விருந்து மேசையில் வயதில் ஆகச் சின்னவர்தான் கேட்கவேண்டும் என்பதால், வருடந்தோறும் அவரே வந்து என்னைக் கூட்டிப்போவார். புளிப்பில்லாத அப்பத்தை முறித்தபடி அவரும் விருந்துக்கு வரும் அவர் தம்பியும் எனக்குப் பதில் சொல்வார்கள்.

பதின்மூன்று வயதில் எனக்கு அது வெட்கமாகிவிட்டது. அவர் கதவைத் தட்டியபோது, "அம்மா, நான் வீட்டிலை இல்லையெண்டு சொல்லுங்கோ" என்றேன்.

"பாவமடி, மனுசி உன்னைத்தானே பாத்துக்கொண்டிருக்குது."

நான் அசையவில்லை. அம்மா போய்ப் பொய் சொன்னார்.

எனக்காக வெகுநேரம் காத்திருந்துவிட்டு, கடைசியில் எழுபது வயதுத் தம்பியே அந்தக் கேள்வியைக் கேட்டாராம்.

அடுத்த பஸ்காவுக்கு முன் மதாம் எஸ்தர் இறந்துபோனார். அதுவரை நாங்கள் ஒரே படிக்கட்டில்தான் தினமும் ஏறி இறங்கினோம். நான் ஒருநாளும் மன்னிப்புக் கேட்கவில்லை.